ரொட்டி வரிசையில் சொன்ன எண்கள்

என் கணவர் செவெரேன் பயந்தாங்கொள்ளி. இதில் மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன இலையுதிர்காலத்தில் அவரைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது ரொட்டிக்கடைக்காரர்கூட, "பாவம், இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்கிற மனுஷன்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மைதானே. உயிரோடு இருந்தவரை அவரை வா, போ என்றுதான் பேசினேன்; ஒரே சந்தில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்களுக்குள் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது. செத்த பிறகுதான் இந்த 'அவர்' வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புரட்சிக் காலத்து அந்தக் கோடையில் நடந்ததை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் மறுபடியும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று பயம். இனி யார் வந்து யாரைக் கூட்டிப் போகப் போகிறார்கள்? அதனால் சொல்கிறேன்.

பெரிய இடத்துப் பெண்களுக்குக் கொண்டை போடுவது அவர் தொழில். அந்தக் காலத்துக் கொண்டை என்றால் முக்காலி மேல் ஏறி நின்றுதான் முடிக்க முடியும். மேலே வெள்ளை மாவு தூவுவார். ஊரில் ரொட்டிக்கு மாவில்லாத நாளிலும் தலைக்கு மாவு இருந்தது. அதனால் பாரிஸில் புரட்சி வந்ததும் சனங்கள் கண்ணை முதலில் உறுத்தியவர்களில் கொண்டைக்காரர்களும் உண்டு. கொண்டை போயிற்று. பிறகு கொண்டை போட்டிருந்த தலைகளும் போயின. ஒரு நாள் பாலத்தருகில் வண்டி போனது. கைகளைப் பின்னால் கட்டி, கில்லட்டினுக்கு வசதியாக முடியைக் கத்தரித்த ஒரு அம்மாள் அதில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. செவெரேன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதெஸ்த், அந்தப் பின்கழுத்தை எனக்குத் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்தவர் ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். "அவங்க வீட்டுக்கு நான் போய் வந்ததை யாராவது சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தெருவுக்கே தெரிந்த விஷயத்தை இனிமேல் யார் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் ராத்திரி கதவுக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டுத்தான் படுத்தேன்.

அப்போதுதான் கணக்குக்கூடத்து வேலை வந்தது. நாட்டுக்குப் பெரிய எண் அட்டவணைகள் தேவைப்பட்டன. நிலம் அளப்பவர்களுக்கு, கப்பலோட்டிகளுக்கு, இன்னும் யார் யாருக்கோ. வாரத்தையே பத்து நாளாக்கினவர்கள் கோணத்தை மட்டும் சும்மா விடுவார்களா? தொண்ணூறு பாகமாக இருந்த செங்கோணத்தை நூறாக்கிவிட்டார்கள். அப்படியானால் பழைய அட்டவணையெல்லாம் குப்பை. முதலிலிருந்து போட வேண்டும்.

மேலே சில பெரிய கணிதர்கள். கணக்கு எந்த வழியில் போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அவர்களுக்குக் கீழே, செவெரேனுக்கு மேலாளாக இருந்த தெல்மாஸ் மாதிரி இளம் கணிதர்கள். ஒவ்வொரு தாளின் முதல் வரியை, அதாவது தலைவரியை, அவர்கள் போட்டுக் கொடுப்பார்கள். அதற்கும் கீழே எங்கள் ஆட்கள். முந்தின வரியோடு பக்கத்துக் கட்டத்தில் இருப்பதைக் கூட்டினால் அடுத்த வரி. அதோடு அடுத்ததைக் கூட்டினால் அதற்கடுத்தது. கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதும். பொறுமை வேண்டும், கை நிதானம் வேண்டும். ஊரில் அது இரண்டும் இருந்து வேலை இல்லாமல் கிடந்தவர்கள் கொண்டைக்காரர்கள்தான். அவர்களையே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் போடுவார்கள். ஒருவர் இந்த அறையில், ஒருவர் அந்த அறையில். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி; ஒத்துப்போகாவிட்டால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். தப்பு செய்தவனை என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். திரும்பப் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் என் கணவருக்கு அது நம்பும்படி இல்லை.

"பிரபுக்கள் வீட்டு ஆள் வேணும்னே குடியரசோட கணக்கைக் கெடுத்தான்னு சொல்லிட்டா?" என்பார்.

"சொன்னா சொல்லட்டும். கூட்டல் தப்புக்கு எவனாவது தலையை வெட்டுவானா?"

"அந்தப் பெரிய கணக்கு மேதை என்ன தப்பு பண்ணினார்? ஒளிஞ்சிருந்தவரை சத்திரத்துல வச்சுப் பிடிச்சாங்க. ஜெயில்லயே செத்தார். அவருக்கே அந்தக் கதின்னா நான் எம்மாத்திரம்?"

அந்தச் சாவு அந்த வசந்தத்தில் ஊரெல்லாம் பேசப்பட்டது. கூடத்தில் இருந்த இளம் கணிதர்கள் பலர் அந்த மனிதரிடம் பாடம் படித்தவர்கள். அவர் பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை என்று செவெரேன் சொன்னார்.

அந்த மற்ற அறையில் செவெரேனுக்குச் சோடியாக அமைந்தவன் பார்னபே. அவனும் கொண்டைக்காரன்தான், பழைய பழக்கம். எங்கள் பின்தெருவுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தான். பெண்டாட்டி கிடையாது, வாய் மட்டும் உண்டு. சாயங்காலம் எங்கள் வீட்டில் அவரைக்காய்ச் சூப் குடிக்க வருவான். ஒரு நாள் சூப்பைக் குடித்துக்கொண்டே, தன் தாளின் தலைவரி எண்ணைச் சும்மா சொன்னான். செவெரேன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது என் தாள்" என்றார்.

மற்றவர்கள் என்றால் அதோடு பேச்சை விட்டிருப்பார்கள். இவர் அதையே பிடித்துக்கொண்டார். இருவரும் முந்தின நாள் கடைசியாகப் போட்ட வரியை மனதில் வைத்துக்கொண்டு வந்து காலையில் ஒப்பிட்டுவிட்டால், தப்பு என்பதே வெளியில் தெரியாதல்லவா? பார்னபேக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆனாலும், "சரிடா தொடைநடுங்கி, உனக்காக" என்று ஒத்துக்கொண்டான்.

வீட்டில் பேசினால் சுவருக்குக் காது என்று இவருக்குப் பயம். அதனால் விடிகாலையில், ரொட்டி வரிசையில். உலகத்தில் எவனுக்காவது இந்தப் புத்தி வருமா? பஞ்ச காலத்துப் பாரிஸில், பாதி ஊர் மீதி ஊரைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்த நேரத்தில், இரண்டு பழைய கொண்டைக்காரர்கள் வரிசையில் நின்று எண்களை முணுமுணுத்தார்கள். நான் கூடையோடு முன்னால் நிற்பேன். பின்னால் இருவரும், "ஏழு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு..." ஏதாவது பாட்டு பாடுங்களேன் என்று ஒரு தடவை திட்டினேன்.

பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் பார்னபே சொன்னதுதான் சட்டம். அவன் குரல் அப்படி. அந்தக் காலையும் அப்படித்தான் ஆனது.

"கடைசியில நாலு" என்றார் இவர்.

"அஞ்சு."

"நாலுதான் பார்னபே. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்."

"வேலை முடியற மணி அடிக்கிற நேரத்துல உன் கை நடுங்கியிருக்கும். அஞ்சுடா. போய் மாத்திடு."

"மாத்தித்தான் ஆகணுமா?"

"மாத்தாட்டி என்ன ஆகும்னு நீயே தினமும் சொல்லுவியே!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எங்களுக்குச் சற்றுப் பின்னால் நின்ற பெலாஜி, மீன் விற்பவள், கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பார்னபே குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் திரும்பவில்லை. செவெரேன் கூடத்துக்குப் போய், தன் தாளின் அந்த வரியைக் கத்தியால் சுரண்டி, பார்னபே சொன்னதை எழுதினார். அதற்குக் கீழே போட்டதெல்லாம் அதன் மேல் கட்டியதுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவு தட்டப்பட்டது. எங்கள் பேட்டையில் சந்தேகப்பட்டவர்களைப் பிடிக்கும் புரட்சிக் குழுவின் ஆள் கிராவெல், மூவர்ணப் பட்டையோடு. அவன் பின்னால் ஈட்டி பிடித்த ஒருவன். படியில் பெலாஜி.

"இவன்தானா?" என்றான் கிராவெல்.

"இவனேதான். ஒரு மாசமா கேக்கறேன். எண்ணு எண்ணா பேசிக்கறாங்க. நாலுங்கறான் ஒருத்தன், அஞ்சுங்கறான் இன்னொருத்தன். எந்தக் கோட்டைக்கு எத்தனை பீரங்கின்னு எதிரிக்குச் சொல்றானுங்களோ என்னவோ!"

"அது வேலைக் கணக்குங்க, ஐயா" என்றார் செவெரேன்.

"ஐயாவா? 'ங்க'வா?" கிராவெல் அருகில் வந்தான். "இந்தப் பேட்டையில எல்லாரும் 'நீ'தான், குடிமகனே. அந்தப் பேச்செல்லாம் எந்த மாளிகையில கத்துக்கிட்டே?"

மாளிகை வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகிய வாய் அவருக்கு. நான் எத்தனை திட்டினாலும் பயத்தில் அந்த மரியாதைதான் முன்னால் வந்து நிற்கும்.

"கூட நின்னவன் யாரு?" என்றான் கிராவெல்.

"யாரும் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"ரெண்டு குரல் கேட்டேனே!" என்றாள் பெலாஜி. "இருட்டுல, குல்லாவுக்குள்ள மூஞ்சிதான் தெரியலை."

கிராவெல் என்னைப் பார்த்தான். "நீ அங்கேதானே நின்னே?"

"நான் ரொட்டியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கு முதுகுல கண்ணு இல்லை" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"வேலைக் கணக்கா, வேவுக் கணக்கான்னு அங்கேயே போய்ப் பார்த்துடலாம்" என்றான் அவன்.

தெருவழியே நடத்திக்கொண்டு போனார்கள். பெலாஜியும் கூட வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன், அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போதுதான் எனக்கு உறைத்தது: வேவு இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் அந்த எண்கள் தாளில் இருக்க வேண்டும். தாளில் இருந்தால் இருவரும் விதியை மீறிக் கூடிப் பேசியது வெளியாகும். ஒரு பக்கம் போனால் எதிரியின் ஆள். மறுபக்கம் போனால் குடியரசின் கணக்கைக் கெடுத்தவர். இரண்டுக்கும் அந்த நாட்களில் ஒரே வண்டிதான்.

கூடத்தில் தெல்மாஸ் மேசையருகே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், முப்பது வயதுகூட இருக்காது. முன்னால் இரண்டு தாள்கள்: செவெரேனுடையது, பார்னபேயுடையது. நாங்கள் போன நேரம் அப்படி. அன்று காலைதான் அவருக்குச் சிக்கல் தெரியவந்திருந்தது. இரண்டு தாள்களும் எண்ணுக்கு எண் ஒத்துப்போயின. ஆனால் கடைசி வரி, அடுத்த தாளுக்கு அவரே போட்டு வைத்த தலைவரியில் போய்ச் சேரவில்லை. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்ய முடியாது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிராவெல் வந்த விஷயத்தைச் சொன்னான். தெல்மாஸ் கேட்டுக்கொண்டார்.

"சொல்லு" என்றான் கிராவெல் செவெரேனிடம். "அன்னிக்கு வரிசையில என்ன எண்ணு சொன்னே? அது இந்தத் தாளில இருக்கான்னு இந்தக் குடிமகன் பார்ப்பான்."

செவெரேன் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். தெல்மாஸின் விரல் வரியில் நகர்ந்தது. கடைசி எண் வந்தது.

"நாலு" என்றார் செவெரேன்.

தாளில் அஞ்சு. இவரே சுரண்டி எழுதிய அஞ்சு. பயத்தில் புத்தி பேதலித்து, தான் முதலில் போட்டதையே சொல்லிவிட்டார். தெல்மாஸின் விரல் அந்த இடத்திலேயே நின்றது. தாளை முகத்தருகே தூக்கிச் சுரண்டிய தடத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த தாளின் தலைவரியைப் பார்த்தார். அஞ்சுக்குப் பதில் நாலு இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது ஒரு நொடியில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கேள்வி அதுவல்ல. தாளில் இருப்பதும் இவர் சொன்னதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

"இருக்கு" என்றார் தெல்மாஸ். "அப்படியே இருக்கு."

"காட்டு" என்றான் கிராவெல்.

தெல்மாஸ் தாளை நீட்டினார். அவர் செய்ததில் பெரிய தைரியம் அதுதான் என்று நினைக்கிறேன். மேலிருந்து கீழ்வரை எறும்பு மொய்த்த மாதிரி எண்கள். கிராவெல் உதட்டை அசைத்துக்கொண்டே கொஞ்சம் பார்த்தான். எந்த வரி என்று அவன் கேட்கவில்லை, தெல்மாஸும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி. அப்ப இன்னொருத்தன் யாரு?"

பக்கத்து அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பார்னபே தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். பேனா நகர்ந்தது, மை தொட்டுக்கொள்வதை அவன் மறந்துபோனது எனக்குத் தெரிந்தது. செவெரேன் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அந்த இன்னொரு தாளைப் போட்டது யார் என்று தெல்மாஸுக்குத் தெரியாதா? அவரும் அந்த அறைப் பக்கம் திரும்பவில்லை.

"பேரைச் சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம்" என்றான் கிராவெல். "இல்லேன்னா இப்பவே ஜெயில். அங்கேருந்து வண்டி. கொண்டைக்காரனுக்குக் கழுத்தைப் பத்தி நான் சொல்லணுமா?"

"யாரும் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"கடைசியாக் கேக்கறேன்."

செவெரேன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கால்சட்டை நனைந்து, மூத்திரம் தரைப்பலகையில் ஓடியது. கூடத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்தபடியே, "எனக்கு நானேதான்" என்றார் மறுபடியும்.

கிராவெல் ஒரு அடி பின்வாங்கித் தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். "இவனையா வேவுகாரன்னு சொன்னே, பெலாஜி? இவனை வேவுக்கு வச்சிருந்தா எதிரி அன்னைக்கே தோத்திருப்பான்! போ, போய் உன் மீனைப் பாரு." ஈட்டிக்காரனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

தெல்மாஸ் குனிந்து செவெரேனைத் தூக்கினார். பக்கத்தில் யாருமில்லாமல் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன்; செவெரேன் கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சரியாத்தானே போட்டிருந்தே. ஏன் சுரண்டினே?"

"பயம்" என்றார் இவர்.

தெல்மாஸ் தன் கையை நீட்டிக் காட்டினார். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. "எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜெயில்ல செத்தார்" என்றார் மெதுவாக. "நான் அவரோட சாவுக்குக்கூடப் போகலை." பிறகு, "நீ இந்த அறைக்கு வந்த பிறகு போட்ட எல்லாத் தாளையும் திரும்பப் போடணும். ரெண்டு பேரும். வேற வேற சோடியோட" என்றார்.

அன்று சாயங்காலம் பார்னபே வந்தான். சூப் வேண்டாம் என்றான். உட்காரவும் இல்லை.

"என் பேரைச் சொன்னியா?"

"இல்லை" என்றார் செவெரேன்.

"உள்ளேருந்து எனக்குச் சரியாக் கேக்கலை. அவன் ஏன் சிரிச்சுக்கிட்டே போனான்?"

"சொல்லலை, பார்னபே."

பார்னபே என் கணவரை மேலும் கீழும் பார்த்தான். துவைத்துக் கணப்பருகே காயப்போட்டிருந்த கால்சட்டையையும் பார்த்தான். "கோவிச்சுக்காதே, செவெரேன். எலிக்குப் பயந்து நாற்காலி மேல ஏறுறவன் நீ. கில்லட்டினைக் காட்டின பிறகும் நீ வாயைத் திறக்கலேன்னு நான் எப்படி நம்புவேன்? சொல்லியிருந்தாலும் தப்பில்லை. ஆனா நான் கிளம்பறேன்."

"எங்கே?"

"உனக்குச் சொன்னா எப்படி?"

நான் அடுப்புக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அவன் படி இறங்கியிருந்தான். மறுநாள் கூடத்துக்கும் வரவில்லை, ரொட்டி வரிசைக்கும் வரவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகும் அவன் வரவில்லை.

அவன் போன பிறகு செவெரேன் நெடுநேரம் மேசையில் கவிழ்ந்து கிடந்தார். காலையிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார். நான் சூப்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"மொதெஸ்த், நான் சொல்லலேன்னு நீயாவது நம்புறியா?"

"என்னய்யா கேக்கறே? நான் அங்கேயேதானே நின்னேன். உன் பக்கத்துலயே, கைக்கெட்டற தூரத்துல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயும் கூடத்துக்கு வந்திருந்தியா?" என்றார்.